பெல்ட்டக்கா

தன்ஷிகாவின் வலிக்கு மகிழினி அதற்குமுன் ஒரு தடவை மதிப்பெண் போட்டிருந்தாள். நான்கு. இரண்டாவது தடவையாக அந்தப் பெண் வந்து நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தபோது, கொஞ்சம் இரக்கம் சேர்த்து நான்கரை போட்டாள். பத்துக்கு ஆறு வந்தால்தான் வாரியம் அறுவை சிகிச்சைக்கு அனுப்பும். ஆறை எட்டாத எல்லாவற்றுக்கும் வாரியத்தில் ஒரே பெயர்தான். சாதாரணம்.

"அக்கா, இன்னுங் கொஞ்ச நேரம் மாட்டிப் பாருங்க. உக்காந்தா அடங்கிக்குதுங்க. நின்னா பாருங்க."

"நின்னும் பாத்தாச்சு கண்ணு."

"மெஷின்ல உக்காந்து பெடல் மிதிக்கறப்ப வருமுங்க. அடிவயித்துல கம்பிய விட்டு முறுக்கற மாதிரி. பின்னால தொடை வரைக்கும் இழுக்குமுங்க."

"அதுவும் வந்துச்சு. நான் இல்லீன்னு சொல்லல. ஆனா மொத நாளுன்னா அப்புடித்தான இருக்கும்? யாருக்கு இல்லாம இருக்குது?"

தன்ஷிகா பெல்ட்டின் பட்டைகளைத் தானே கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற பெண். எதையும் மடித்து அடுக்கித்தான் அவள் கைக்குப் பழக்கம். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"இன்னும் ஒரு தடவைதானுங்களே?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை இருக்குது."

மூன்றாவது தடவையும் சாதாரணம் என்று வந்தால் அவளுடைய கோப்பு மூடப்படும். அப்புறம் எந்த மையத்துக்குப் போனாலும் அவளுக்குப் பெல்ட் மாட்டமாட்டார்கள். தனியாரிடம் போய் அறுத்துக்கொள்ளும் நிலையில் திருப்பூரில் எந்தத் தையல்காரப் பெண்ணும் இல்லை. வாரியத்தின் சீட்டு இல்லாமல் மாதாமாதம் லீவு எடுப்பவளை இனிமேல் லைனில் வைத்துக்கொள்ள முடியாது என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டதாக, யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அவள் சுவரைப் பிடித்தபடி வெளியே போனாள்.

மகிழினி பொய் சொல்லவில்லை. அதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

மகளிர் வலி நிவாரண வாரியம் தொடங்கியபோது மகிழினிக்கு இருபத்தைந்து வயது. ஒருத்தியின் வலியை இன்னொருத்தியின் உடம்புக்குள் அப்படியே இறக்கிவைக்கும் கருவி அப்போதுதான் வந்திருந்தது. இரண்டு பெல்ட்டுகள், நடுவில் ஒரு பெட்டி, இரண்டு கனத்த வயர்கள். வலிக்கிறவள் ஒரு பெல்ட்டை அடிவயிற்றில் கட்டிக்கொள்வாள். வாரியத்தின் மதிப்பீட்டாளர் மற்றதைக் கட்டிக்கொள்வாள். அவள் வலி இவளுக்கு வரும். எவ்வளவு என்று இவள் சொல்லவேண்டும். வேலையின் அரசாங்கப் பெயர் வலி மதிப்பீட்டாளர். ஊரில் எல்லோரும் பெல்ட்டக்கா என்றார்கள். சந்தையில் காய்கறி வாங்கும்போது யாராவது ஒரு பெண் கையைப் பிடித்து, "பெல்ட்டக்கா, என் மருமவளுக்கு நல்ல மார்க்காப் போட்டு வுடுங்க" என்பாள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்பதுபோல.

வாரியம் தொடங்கி இரண்டு வருடம் கழித்து வேலைக்கு ஆள் எடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். எல்லோருக்கும் பெல்ட் கட்டி, பதிவுசெய்து வைத்திருந்த ஒரு வலியை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனார்கள். பக்கத்தில் இருந்தவள் அம்மா என்று கத்திப் பெல்ட்டைப் பிய்த்து எறிந்தாள். இன்னொருத்தி வாந்தி எடுத்தாள். கத்தியவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகிழினி கடைசிவரை கால்மேல் கால்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப்போல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. தன் மனத்திடத்துக்குக் கிடைத்த வேலை என்று அவள் அதைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் பெருமைப்பட அதிகம் இல்லை. கல்யாணம் சீக்கிரமே முறிந்துபோனது. இருட்டில் அவள் உடம்பு இறுகி விலகுவதைப் புருஷன் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டான். அது வெறுப்பு இல்லை என்று விளக்க அவளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. மதிப்பீட்டாளர்கள் தங்கள் தூர நாட்களில், அதாவது மாதவிடாய் நாட்களில், வேலைக்கு வரக்கூடாது. சொந்த வலி கலந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்பதற்காகச் சம்பளத்தோடு விடுப்பு. நல்ல விதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த விதியால்தான் அத்தனை வருடங்களில் மகிழினியின் முதல் நாளை யாருடைய பெல்ட்டும் வாங்கிப் பார்த்ததில்லை.

தன்ஷிகா வந்துபோன அந்த வார ஞாயிற்றுக்கிழமை மையம் மூடியிருந்தது. கருவியைப் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஜெசிந்தா வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து மூடிய பிறகு, ஒருத்தி அனுப்ப ஒருத்தி வாங்கிப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அனுப்ப உட்காரவேண்டிய இன்னொரு மதிப்பீட்டாளர் நித்திலா ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். விடுப்பில் வீட்டில் படுத்திருந்த மகிழினி இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வெறும் வயித்துலயே கட்டுங்க்கா. வலியெல்லாம் ஒண்ணும் வேணாம். லேசா ஏதாச்சும் தெரிஞ்சாப் போதும், லைன் நல்லா இருக்குன்னு எழுதிட்டுக் கெளம்பிடுவேன்" என்றாள் ஜெசிந்தா. "மூணு மணி பஸ்ஸப் புடிச்சா எம் பையன் பரிட்சைக்கு..."

ஸ்விட்சைப் போட்டாள். வாக்கியம் முடியவில்லை.

மகிழினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தாள். விழுந்த இடத்திலிருந்தே கையை வீசி வயரைப் பிடுங்கினாள். அப்புறமும் தரையில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். மகிழினி ஓடிப்போய் அவளைத் தூக்கினாள்.

"ஷாக் அடிச்சிருச்சா? பெட்டி எர்த் ஆவுதா?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்து மகிழினியை ஏற இறங்கப் பார்த்தாள். நின்றுகொண்டிருக்கும் மகிழினியை.

"அக்கா, ஆம்புலன்ஸ் கூப்புடட்டுமா?"

"உனக்கா?"

"எனக்கில்லீங்க்கா. உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"எதுக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே ரோட்டில் துணி மூட்டை ஏற்றிய ஒரு வேன் போயிற்று.

"இன்னிக்கு மொத நாளு ஜெசிந்தா. அதான். நான் வந்திருக்கக்கூடாது, ஆள் இல்லாமத்தான் வந்தேன். மாத்திரை வேற போட்டிருக்கேன், இது ரொம்பக் கம்மி. ஏன், உனக்கு மொத நாள் எப்புடி இருக்கும்?"

"எனக்குங்களா?" ஜெசிந்தா யோசித்தாள். யோசிக்கவேண்டியிருந்ததே மகிழினியைத் திடுக்கிட வைத்தது. "லேசா இடுப்பு கனக்கும். சூடா ஒரு டீ குடிச்சாச் சரியாப் போயிடும். சில மாசம் தெரியவே தெரியாது. அக்கா, எல்லாருக்கும் இப்புடி இருந்தா உலகத்துல ஒரு வேலை நடக்குமா?"

"நடக்குதே. நான் பாத்துட்டுத்தான இருக்கேன். தெனமும் வந்து உக்காருறவங்க அத்தனை பேருக்கும் இதேதான்."

"தெனமும் வர்றவங்க யாரு? வலி தாங்காதவங்கதான? வலி இல்லாத ஒரு பொண்ணு இங்க எதுக்குங்க்கா வரப்போறா?"

மகிழினி உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா ரிப்போர்ட்டில் லைன் நல்லா இருக்கு என்று எழுதினாள்.

அந்த மாதமே ஒரு நாள் ஜெசிந்தா மறுபடி வந்தாள், மகிழினி போனில் கேட்டுக்கொண்டதால். இப்போது முதல் நாள் ஜெசிந்தாவுக்கு. இவள் அனுப்பினாள், மகிழினி வாங்கிக்கொண்டாள். மதிப்பீட்டாளராக இத்தனை காலம் இருந்தவள் நோயில்லாத ஒரு பெண்ணின் உடம்பை முதல் தடவையாகத் தன் வயிற்றில் கட்டிக்கொண்டாள்.

ஒன்றும் வரவில்லை. ஸ்விட்ச் போடவில்லையோ என்று பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணை மூடிக் காத்திருந்த பிறகு, வெகு தூரத்தில், ஈரத்துண்டை இடுப்பில் கட்டியதுபோல ஒரு கனம். அவ்வளவுதான். அதற்குமேல் காத்திருந்தும் எதுவும் ஏறவில்லை. அந்த உடம்புக்குள் ஒரு பெண் சமைக்கலாம், பஸ் ஏறலாம், புருஷன் பக்கத்தில் படுக்கலாம், சிரிக்கலாம். அப்படியும் மாதங்கள் போகுமா? மகிழினிக்கு அழுகை வந்தது. தான் எதை இழந்தாள் என்று ஒரு ஸ்விட்ச் தூரத்தில் வைத்துக் காட்டிவிட்டார்கள் என்று தோன்றியது.

"கழட்டிடட்டுங்களா?"

"இரு. இன்னுங் கொஞ்ச நேரம்."

ஜெசிந்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தரம் மகிழினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மெஷின் பாக்கப் போற ஆஸ்பத்திரிங்கள்ல டாக்டருங்க பேசிக்குவாங்க" என்றாள் பிறகு. "எண்டோமெட்ரியோசிஸ்னு. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கவேண்டிய சதை வெளியில, குடல் மேல, சினைப்பை மேலன்னு ஒட்டி வளந்துருமாம். மாசாமாசம் அதுவும் சேந்து கசியும். வெளிய வர வழி இல்லாம உள்ளயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வயசுக்கு வந்ததுலேர்ந்து தூரம் நிக்கறவரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல பத்துல ஒருத்திக்கு இருக்குமாம், உலகம் பூரா."

"நம்ம வாரியத்துல நூத்துல ஒருத்திதான். வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்களே. நம்மூருப் பொம்பளைங்க உடம்பு வலுன்னு மந்திரி வந்து பேசிட்டுப் போனாரு."

"அந்த நூத்துல ஒண்ணுங்கறது யாரு சொன்ன கணக்குங்க்கா?"

மகிழினிக்குத் தெரியும். அவளும் அவளைப்போன்ற முப்பத்தொன்பது பேரும் சொன்ன கணக்கு. தங்களைவிட அதிகமாக வலித்தவளுக்கு மட்டும் ஆறு போட்டார்கள். தங்கள் அளவுக்கு வலித்தவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கால்மேல் கால்போட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கூடம் அவள் கண்ணுக்குள் வந்தது. கத்தியவள்தான் நல்ல உடம்புக்காரி. அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தன்ஷிகாவின் மூன்றாவது முறை நெருங்கிக்கொண்டிருந்தது. மகிழினி அதற்கு முந்தைய நாள் நித்திலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து அறை. மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பவர்கள்.

நித்திலா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்தக் கோயமுத்தூர்க்காரி பஞ்சு மெத்தையில வளந்தவடி. ஊசி குத்துனா ஊரக் கூட்டறவ. அவ வவுத்த வெச்சு நம்ம வவுத்த அளப்பியா?"

"ஒரு தடவை நீயும் அவளோடத வாங்கிப் பாரு நித்தி."

"எனக்கெதுக்கு ஊரான் வவுறு? எங்காத்தாளுக்கு இப்புடித்தான். எனக்கு இப்புடித்தான். எங்கக்கா மூணு நாளு செவுத்துல முட்டிக்கிட்டுக் கெடப்பா. நாலாம் நாளு எந்திரிச்சு மாடு கறப்பா. நாங்கெல்லாம் நோயாளியா?"

நித்திலா சிரிப்பை நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். அன்று அவள் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை.

மறுநாள் தன்ஷிகா வந்தாள். இந்த முறை எதையும் விளக்கவில்லை. பேசினால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. மகிழினி பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். வந்தது. கம்பியை விட்டு முறுக்குவதுபோல வந்தது. அது தன்னுடையது என்று மகிழினிக்குத் தெரிந்தது. சொந்த வீட்டில் இருட்டில் நடப்பதுபோல அதன் ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குத் தெரிந்தது. எங்கே இழுக்கும், எங்கே விட்டுவிட்டதுபோல ஏமாற்றும், எங்கே திரும்பி வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. ஒரு தடவை பெல்ட்டுக்கு மேலாகத் தன் கையை வைத்துக்கொண்டாள். எதிரே தன்ஷிகாவும் அப்படியே வைத்திருந்தாள்.

ஒன்பது போட்டாள்.

தன்ஷிகா திரையில் எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி பார்த்தாள். "ஆறுக்கு மேலதானுங்களே இது?"

"மேலதான் கண்ணு."

ஆனால் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரே பெண்ணுக்கு மதிப்பெண் இப்படித் திடீரென்று எகிறினால் அங்கேயே இரண்டாவது மதிப்பீட்டாளர் வாங்கிப் பார்க்கவேண்டும். இருவர் போட்டதில் குறைந்ததுதான் செல்லும். லஞ்சத்தைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு. மகிழினி பக்கத்து அறைக்குப் போய் நித்திலாவைக் கூப்பிட்டாள். நடையில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "ஆறு போடு. அது போதும். இதுக்கு மேல நான் உங்கிட்ட எதையும் கேக்கமாட்டேன்."

நித்திலா பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. வேறு எதுவும் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தன்ஷிகா இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தைக்கு இருக்கும் முகம் அது.

நித்திலா கண்ணைத் திறந்தாள். நான்கு போட்டாள்.

"நித்தி!"

"நான் பொய் போடமாட்டேன்டி. உனக்கே தெரியும்."

"பொய்யில்ல நித்தி. அது நெசம்."

"இது ஆறுன்னா..." நித்திலாவின் குரல் தாழ்ந்தது. பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். "இது ஆறுன்னா, நான் பன்னண்டு வயசுலேர்ந்து என்னத்தடி தூக்கிட்டுத் திரியறேன்? எனக்கு யாராச்சும் ஆறு போட்டாங்களா?"

அந்த அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே வலி. அந்த வலிக்கு அங்கே இருந்த இருவர் சொன்னதில் குறைந்தது செல்லுபடியானது. பெட்டி அதைத் தானாகவே அனுப்பிவிட்டது. கோப்பு மூடிக்கொண்டது.

தன்ஷிகா பெல்ட்டைச் சுருட்டி வைத்தாள்.

"இனி வரக்கூடாதுங்களா?"

இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானே எழுந்தாள்.

"பரவாயில்லீங்க்கா. நீங்க ஒம்பது போட்டீங்க. அதொண்ணு போதும்" என்றாள். மகிழினிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாரியத்தின் இயக்குநர் குணசீலன் டாக்டருக்குப் படித்தவர். கெட்டவர் இல்லை. மகிழினி சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். நாற்பது மதிப்பீட்டாளர்களுக்கும் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்குக் கேமரா விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார். அத்தனை சுலபமாக அவர் ஒப்புக்கொண்டது அவளுக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. இரண்டு மாதம் அந்த நம்பிக்கையோடு இருந்தாள். தன்ஷிகாவுக்குப் போன் செய்து, கொஞ்சம் பொறுத்திரு என்றுகூடச் சொன்னாள்.

பிறகு அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க சொன்னது சரிம்மா. மூணு பேரைத் தவிர எல்லாருக்கும் இருக்கு. சிலருக்கு ரொம்ப முத்தியிருக்கு. உங்களுக்கு வலது பக்கம் சினைப்பையும் குடலும் ஒண்ணா ஒட்டிப்போயிருக்கு. இதோட எப்படி நடந்தீங்கன்னு ரிப்போர்ட் பார்த்த டாக்டர் கேட்டாங்க."

"சார், அப்போ பழைய மார்க்கெல்லாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வாரியம் ஆரம்பிச்ச புதுசுல, உங்களுக்கெல்லாம் முன்னாடி, ஒரு பேட்ச் இருந்தது. தெரியுமா? நல்லாப் படிச்ச, ஆரோக்கியமான பெண்களா எடுத்தோம். வந்தவங்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பதுன்னு போட்டாங்க. பாதிப் பேரு அழுதுக்கிட்டே போட்டாங்க. ஆபரேஷனுக்கு வரிசை நாலு வருஷம் தள்ளிப்போச்சு. இருந்த டாக்டருங்க கொஞ்சம். இருந்த கட்டில் அதைவிடக் கொஞ்சம். வாரியத்தையே மூடச் சொன்னாங்க. அப்புறம் ஒருத்தர் யோசனை சொன்னார், வலியைத் தாங்குற பெண்களா எடுங்க, நிதானமா மார்க் போடுவாங்கன்னு. எடுத்தோம். நிதானமா வந்தது."

"அவங்க ஏன் தாங்கறாங்கன்னு யாரும் கேக்கலீங்களா?"

"கேட்டிருக்கலாம்" என்றார் அவர்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோப்பெல்லாம் தெறக்கமுடியாதுங்களா? எல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணைத் திறந்தா எல்லாத்தையும் திறக்கணும். அத்தனை கட்டில் எங்கேம்மா இருக்கு?" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "உங்களுக்கு வாரியமே ஆபரேஷன் செய்யும். அடுத்த வாரமே. நீங்க கேள்வி கேட்டவங்கன்னு யாரும் தப்பா நினைக்கல. விதிப்படி சிகிச்சை எடுத்துக்கிட்டவங்க பெல்ட் கட்டக்கூடாது. அதனால உங்களுக்கு ஆபீஸ்ல வேற வேலை. மத்தவங்களையும் கேட்டோம். நித்திலா வேண்டாம்னுட்டாங்க. நிறையப் பேர் வேண்டாம்னுட்டாங்க. பெல்ட் வேலையை விட மனசில்லை."

"என் கட்டிலை அவளுக்குக் குடுங்க சார். தன்ஷிகாவுக்கு."

"அவங்க கோப்பு மூடியாச்சேம்மா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அவள் ஒப்புக்கொள்ளாமலே வந்துவிட்டாள். ஆனால் அடுத்த மாதம் அவள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரியத்தின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுத்துப் பிரித்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் மாதம், முதல் நாள், அவள் காலையில் படுக்கையில் கண்விழித்துக் காத்திருந்தாள். ஈரத்துண்டின் கனம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. சன்னலில் வெயில் ஏறியது. எழுந்து காபி போட்டுக் குடித்தாள். திருடிய நகையைப் போட்டுக்கொண்டவள் கண்ணாடி பார்க்கப் பயப்படுவதுபோல, அந்த நாள் முழுக்க அவள் தன் உடம்பைத் தொடாமல் இருந்தாள்.

மகிழினி ஆபீஸ் வேலைக்குப் போனதாலும், இன்னும் சிலர் சிகிச்சைக்குப் போனதாலும், வாரியத்தில் இடங்கள் காலியாயின. விளம்பரம் வந்தது. மாதவிடாய் வலியை அனுபவித்து அறிந்த பெண்களுக்கு முன்னுரிமை, நோயாளிகளின் துயரம் அவர்களுக்கே புரியும் என்று போட்டிருந்தது. பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதின. பெண்கள் அமைப்பு ஒன்று இயக்குநருக்குச் சால்வை போர்த்தியது. அந்த விளம்பரத்தை எழுதியவர் குணசீலன்தானா, அவருக்கு மேலே இருந்த யாராவதா என்று மகிழினிக்குத் தெரியவில்லை. கருணை என்று நினைத்தே எழுதியிருக்கவும் கூடும். அவளால் அதையும் சொல்ல முடியவில்லை.

தேர்வு நாளன்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு. அதே கூடம், அதே நாற்காலிகள். பதிவு வலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொருத்தியாகக் கத்தினார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். மகிழினி டம்ளர்களை நீட்டியபடி வந்து, மூன்றாவது வரிசையின் கோடியில் நின்றுவிட்டாள்.

தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். கை இரண்டையும் மடியில் மடித்து வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? என்னயக் கம்பெனில நிறுத்திட்டாங்க. சும்மா இருக்க முடியுங்களா, அதான்."

மகிழினி குனிந்தாள். தண்ணீர் கொடுப்பதுபோல அவள் காதருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"கண்ணு, கத்திரு."

"ஏனுங்க்கா?"

"கத்து. கழட்டி வீசிட்டு எந்திரிச்சுப் போயிரு. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

"கத்தினா வேலை தரமாட்டாங்களே" என்றாள் தன்ஷிகா. புரியாமல் பார்த்தாள். பிறகு ஆறுதலாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க. இதவிட எவ்வளவோ பாத்தாச்சு."

மேடையில் ஒருவர் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினார். கூடத்தின் மறுபக்கத்தில் யாரோ அலறினார்கள். தன்ஷிகாவின் நெற்றியில் ஒரு நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது. சூப்பர்வைசர் அவளைத் திருப்தியோடு பார்த்துவிட்டுப் போனார்.

"அக்கா," என்று தன்ஷிகா மகிழினியின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "வெளிய என் தங்கச்சி உக்காந்திருக்கறா. போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சுது. அவளையும் உள்ள கூப்புடச் சொல்லுங்களேன். அவ என்னயவிட நல்லாத் தாங்குவாளுங்க."

மகிழினி வாசலைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில், ஒரு பெண் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றி முழங்காலில் படும்படி மடிந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து யாரோ பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். சிரித்தாள்.